உடல் எவருடைய உடைமை?

அமெரிக்காவின் சிறிய பல்கலைக்கழகங்கள் பலவற்றின் பாடவிதானத்தில் அண்மைக் காலத்தில் விளையாட்டு மருத்துவம் என்னும் துணைப்பாடம் இடம்பெற்று வருகின்றது. அங்கு பட்டம் பெற விரும்பும் மாணவர் முதன்மைப் பாடமொன்றை ஆழமாகப் பயில்வதோடு, விரும்பினால் ஐந்தாறு பாடநெறிகளைக் கொண்ட வேறொரு துறையையும் துணைப்பாடமாகக் கொள்ளலாம். வரலாறு பயில்பவர் உடற்கூற்றியலையும், தத்துவம் பயில்பவர் தசைகளின் இயக்கத்தையும் மூட்டுக் காயங்களையும் ஓரளவு கற்றுக்கொள்ள இவ்வேற்பாடு வழிசெய்கின்றது. பார்வைக்கு இது நிருவாகத்தின் சிறு காரியம். ஒரு குழு கூடுகின்றது, பாடப்பட்டியலில் ஒரு வரி சேர்கின்றது, அவ்வளவே. ஆயினும் அவ்வொரு வரியின் பின்னால், மனித சமுதாயம் நெடுங்காலமாகத் தீர்த்துக்கொள்ளாத கேள்வியொன்று நிற்கின்றது. விளையாடுபவரின் உடல் எவருடைய உடைமை? அவ்வுடலைப் பற்றிய அறிவு எவருக்குப் பணிசெய்தல் வேண்டும்?

இத்துணைப்பாடத்தைப் பற்றி வழக்கமாக எழும் குரல்கள் இரண்டு. தாராண்மைக் கல்வியின் காவலர் எனத் தம்மைக் கருதுவோர், "கவிதையும் தத்துவமும் கணிதமும் கற்பிக்க வேண்டிய இடத்தில் கணுக்காலுக்குக் கட்டுப்போடக் கற்பிப்பதா?" என்று முகம் சுளிக்கின்றனர். கணக்குப் புத்தகத்தைக் கையில் வைத்திருப்போரோ, 2008 ஆம் ஆண்டுப் பொருளாதார வீழ்ச்சிக்குப் பின் பிறப்பு விகிதம் குறைந்ததையும், அதன் விளைவாகக் கல்லூரிக்கு வரும் இளைஞர் தொகை சுருங்குவதையும் சுட்டிக்காட்டி, மாணவரை ஈர்க்கும் பாடம் எதுவாயினும் நல்லதே என்கின்றனர். சிறிய கல்லூரிகள் சிலவற்றில் மாணவருள் மூன்றிலொரு பங்கினர்வரை ஏதேனுமொரு விளையாட்டணியில் இருப்பவர்கள். அவர்களுக்குப் பிடித்தமான பாடத்தை வைத்தால் வகுப்பறை நிரம்பும் என்பது இவர்கள் கணக்கு. முதலாமவர் உடலைத் தாழ்வானதெனக் கருதுகின்றனர்; இரண்டாமவர் அதனை விலைபோகக் கூடியதெனக் கருதுகின்றனர். மேலே நாம் எழுப்பிய கேள்வியை இருசாராரும் எழுப்புவதில்லை.

முதலாமவரின் முகச்சுளிப்புக்கு நீண்ட பரம்பரை உண்டு. தாராண்மைக் கலைகள் என்று இன்று வழங்கும் சொற்றொடர், சுதந்திர மனிதனுக்குரிய கலைகள் என்னும் பொருளுடைய உரோமச் சொல்லிலிருந்து வந்தது. சுதந்திர மனிதன் ஒருவன் இருந்தான் என்றால், அவனருகே அடிமையும் இருந்தான் என்பது சொல்லாமலே விளங்கும். எண்ணுவது ஒருவனுக்கும் உழைப்பது மற்றொருவனுக்கும் என்று பிரிக்கப்பட்ட சமுதாயத்தில் பிறந்த பாகுபாடே, உடலைப் பற்றிய அறிவைத் தாழ்ந்த அறிவாக ஆக்கியது. அப்பாகுபாட்டை நாம் ஏற்க வேண்டியதில்லை. கை செய்யும் தொழிலை இழிவென்று சொன்னவர்களுக்கு எதிராக வளர்ந்ததே முற்போக்குச் சிந்தனையாகும். உடலைப் பற்றிய அறிவு பல்கலைக்கழகத்தில் இடம்பெறத் தகாது என்பவருடன் நாம் எவ்வாறு சேர்ந்துகொள்ள முடியும்?

எனினும் பழையோர் அனைவரும் இவ்விடயத்தில் ஒரே குரலிற் பேசியவரல்லர். சுதந்திரரின் கல்வியைப் பற்றி எழுதிய அரிஸ்டோட்டில், சிறுவரை மிகையான பயிற்சியால் வருத்துவதைக் கண்டித்தார். ஒலிம்பியாவில் சிறுவனாகவும் பின்னர் வளர்ந்தவனாகவும் வென்றவர் இரண்டு மூன்று பேருக்குமேல் இல்லை என்பதை அவர் சான்றாகக் காட்டினார். இளமையில் வெற்றிக்காகக் கசக்கப்பட்ட உடல் பின்னர் வலிமை இழந்துவிடுகின்றது என்பது அவர் கண்ட உண்மை. கி.பி. 157 ஆம் ஆண்டில் பெர்கமம் நகரத்திற் கிளாடியேற்றர்களின் வைத்தியராக அமர்ந்த கேலனை இங்கு நினைவுகூர்தல் தகும். வெட்டுண்ட தசைகளையும் நரம்புகளையும் நேரிற் கண்டு அவர் பெற்ற அறிவு பெரிது. ஆனால் அவர் குணப்படுத்திய மனிதருட் பெரும்பாலோர் அடிமைகள். காயம் ஆறினால் அவர்கள் வீடு திரும்புவதில்லை. மீண்டும் களத்துக்கே அனுப்பப்பட்டனர். வைத்தியரை நியமித்தவர் நோயாளி அல்லர். நோயாளியை உடைமையாகக் கொண்டவரே. இளைஞர்களைக் கலைகள் கற்குமாறு தூண்டிப் பின்னாளில் எழுதிய நூலில் கேலன், மெய்வல்லுநர் வாழ்க்கையை மிகக் கடுமையாக இகழ்ந்தார். களத்தின் உட்புறத்தை அறிந்தவரின் சொல் என்பதால் அதற்குத் தனி மதிப்புண்டு.

குணப்படுத்துவது எதற்காக என்னும் கேள்வி, ஆகவே, விளையாட்டு மருத்துவத்தோடு கூடப் பிறந்ததாகும்.

அமெரிக்கக் கல்லூரி வாழ்வில் இத்துறையின் தொடக்கம் ஒருவகையில் மேன்மையானதாகவே இருந்தது. மசாச்சூசெட்ஸ் மாநிலத்தின் அம்ஹேர்ஸ்ட் கல்லூரி தாராண்மைக் கல்வியின் இருப்பிடங்களுள் ஒன்று. 1859 ஆம் ஆண்டில் அக்கல்லூரியும் வில்லியம்ஸ் கல்லூரியும் ஆடிய ஆட்டமே கல்லூரிகளுக்கிடையே நிகழ்ந்த முதலாவது பேஸ்போல் ஆட்டமாகக் கொள்ளப்படுகின்றது. ஆனால் அதற்கு இரண்டு ஆண்டுகளின் பின் அங்கு நிகழ்ந்த மற்றொன்றே நமது கவனத்துக்குரியது. படிப்பின் பாரத்தால் மாணவரின் உடல்நலம் குலைவதைக் கண்டு கவலையுற்றது அக்கல்லூரி. 1861 ஆம் ஆண்டில் எட்வேட் ஹிச்கொக் என்னும் வைத்தியரைச் சுகாதாரத்துக்கும் உடற்கல்விக்கும் பேராசிரியராக அது அமர்த்தியது. இலேசான மரக் கைப்பாரங்களை ஏந்திக்கொண்டு, இசைக்கேற்ப மாணவர் கூட்டாகப் பயிற்சி செய்தனர். வெல்லக்கூடியவர், வெல்ல இயலாதவர் என்ற வேறுபாடு அங்கு இல்லை. எல்லா மாணவருக்கும் அது உரியதாயிருந்தது. 1911 ஆம் ஆண்டில் இறக்கும்வரை ஹிச்கொக் அப்பணியில் இருந்தார்.

அவ்வேற்பாட்டையும் நாம் மிகைப்படுத்திப் புகழ வேண்டியதில்லை. "எல்லா மாணவரும்" என்ற சொல்லின் எல்லை அன்று மிகக் குறுகியது. பெண்கள் அம்ஹேர்ஸ்ட் கல்லூரியிற் சேர்க்கப்பட்டது 1975 ஆம் ஆண்டிலேதான். எனினும் அந்தக் குறுகிய எல்லைக்குள் ஒரு சரியான கருத்து இருந்தது. மாணவரின் உடல் மாணவருக்காகவே பேணப்பட வேண்டும் என்பதே அது.

அக்கருத்து நெடுநாள் நிலைக்கவில்லை. விளையாட்டரங்கைச் சுற்றி இருக்கைகள் உயர்ந்தன. நுழைவுச் சீட்டு விற்கப்பட்டது. கல்லூரியின் பெயர் அணியின் வெற்றியோடு பிணைக்கப்பட்டது. 1905 ஆம் ஆண்டின் உதைபந்தாட்டப் பருவத்தில் அமெரிக்காவில் 18 இளைஞர்வரை மாண்டனர். குடியரசுத் தலைவர் தியோடர் ரூஸ்வெல்ட் பெருங்கல்லூரிகளின் பிரதிநிதிகளை அழைத்துப் பேசும் நிலை உருவாயிற்று. அந்தக் கொந்தளிப்பில், 1906 ஆம் ஆண்டில் தோன்றிய சங்கமே 1910 முதல் தேசியக் கல்லூரி மெய்வல்லுநர் சங்கம் என்று வழங்குகின்றது. இளைஞரின் உயிரைக் காக்கப் பிறந்த அச்சங்கம், அரை நூற்றாண்டு கழிந்தபோது எதைக் காக்கத் தலைப்பட்டது என்பதைக் காண்போம்.

1953 ஆம் ஆண்டில் கொலராடோ மாநில உயர் நீதிமன்றம், டென்வர் பல்கலைக்கழகத்தின் உதைபந்தாட்டப் பயிற்சியிற் காயமுற்ற மாணவர் ஒருவருக்குத் தொழிலாளர் நட்டஈடு உண்டு என்று தீர்ப்பளித்தது. பல்கலைக்கழகம் அவருக்குக் கொடுத்த வேலை அவர் ஆடுவதோடு பிணைந்திருந்தது. ஆகவே அவர் ஊழியர் என்பது தீர்ப்பின் சாரம். கல்லூரிகள் திடுக்கிட்டன. அச்சங்கத்தின் நிருவாகத் தலைவராக 1951 முதல் 1987 வரை இருந்த வோல்ட்டர் பையர்ஸ் என்பவரின் காலத்தில், "மாணவ மெய்வல்லுநர்" என்ற சொற்றொடர் ஆக்கப்பட்டு எங்கும் வழங்குமாறு கட்டளையிடப்பட்டது. கேட்பதற்கு இனிய சொல். ஆடுபவர் மாணவரே, ஊழியர் அல்லர் என்று நிலைநாட்டுவதற்காகவே அச்சொல் வார்க்கப்பட்டது என்பதை, 1995 ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலிற் பையர்ஸ் தாமே ஒப்புக்கொண்டார். 1955 ஆம் ஆண்டில் ஆட்டத்தில் தலையில் அடிபட்டு இறந்த மாணவர் ஒருவரின் மனைவி நட்டஈடு கேட்டபோது, 1957 ஆம் ஆண்டில் அதே கொலராடோ நீதிமன்றம் மறுத்துவிட்டது. கல்லூரி உதைபந்தாட்ட வணிகம் நடத்தவில்லை என்பது நீதிமன்றம் சொன்ன காரணங்களுள் ஒன்று. 1974 ஆம் ஆண்டில் ஆட்டக்களத்தில் முதுகுத்தண்டு முறிந்து முடமான மற்றொரு மாணவருக்கும், 2000 ஆம் ஆண்டில் டெக்சாஸ் நீதிமன்றம் அதே விடையையே அளித்தது.

ஒரு சொல் எத்துணை வேலை செய்யக்கூடும் என்பதற்கு இதைவிடச் சிறந்த சான்று வேண்டுமா? வருவாய் வரும்போது அவர் கல்லூரியின் வீரர். எலும்பு முறியும்போது அவர் வெறும் மாணவர். மொழி கற்பிக்கும் ஆசிரியர்கள் இதனைத் தம் வகுப்பிற் பாடமாக வைத்தல் தகும்.

அண்மையிற் பணத்தைப் பற்றிய விதிகள் மாறியுள்ளன. 2021 ஆம் ஆண்டில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அச்சங்கத்தின் கட்டுப்பாடுகள் சிலவற்றை ஒருமனதாக நிராகரித்தது. 2025 ஆம் ஆண்டில் நீதிமன்றம் அங்கீகரித்த உடன்பாட்டின்படி, பெரிய பல்கலைக்கழகங்கள் முதலாண்டில் ஏறத்தாழ 2 கோடியே 5 இலட்சம் டொலர்வரை தம் மெய்வல்லுநருக்குப் பகிர்ந்தளிக்கலாம். ஆனால் ஊழியருக்குரிய பாதுகாப்பு இன்னமும் பொதுவாக அவர்களுக்குக் கிட்டவில்லை. உடலுக்கு விலை பேசப்பட்டுவிட்டது. உடலின் மீதான உரிமை பேசப்படவில்லை.

இனி மருத்துவத்துக்கு வருவோம். 2018 மே 29 ஆம் திகதி, மேரிலாந்துப் பல்கலைக்கழகத்தின் உதைபந்தாட்டப் பயிற்சியில் 19 வயது மாணவர் ஒருவர் வெப்பத்தாக்கால் நிலைகுலைந்தார். கடும் உழைப்பின்போது வரும் வெப்பத்தாக்குக்கு வைத்தியம் எதுவென்பது மறைபொருளன்று. உடனடியாகக் குளிர்நீரில் அமிழ்த்த வேண்டும். முதலில் உடலைக் குளிர்விக்க வேண்டும், பின்னரே வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்ல வேண்டும். தொட்டியும் நீரும் பனிக்கட்டியும் போதும். அது செய்யப்படவில்லை. முதல் அறிகுறி தோன்றியதிலிருந்து வைத்தியசாலை வண்டி அவரை ஏற்றிச் செல்லும்வரை ஒன்றரை மணி நேரத்துக்கும் மேல் கடந்தது. ஜூன் 13 ஆம் திகதி அவர் இறந்தார். சட்டப்படியும் ஒழுக்கப்படியும் தாமே பொறுப்பு என்று பல்கலைக்கழகம் பின்னர் ஏற்றுக்கொண்டது. அந்த அணியின் சூழலை ஆராய்ந்த குழுவோ, ஆட்டக்காரர் பலர் வாய்திறக்க அஞ்சியதையே முக்கியமான குறையாகக் கண்டது.

இங்கு குறைவாயிருந்தது யாது? அறிவா? அது பாடநூல்களில் இருந்தது. கருவியா? விலை குறைந்த தொட்டி ஒன்றே தேவைப்பட்டது. "நிறுத்து" என்று உரத்துச் சொல்லும் அதிகாரமும், அதைச் சொல்பவருக்குப் பாதுகாப்புமே குறைவாயிருந்தன. பயிற்றுநரின் சொல்லுக்கு மேலாக நோயாளியின் உயிர் நிற்க வேண்டும் என்பதை, நடைமுறையில் ஒரு நிறுவனம் ஒப்புக்கொள்வது எளிதன்று. விளையாடலாமா கூடாதா என்று முடிவு செய்யும் உரிமை வைத்தியருக்கும் பராமரிப்பாளருக்குமே உரியது, பயிற்றுநர் அதில் தலையிடலாகாது என்ற விதியைப் பெரிய கல்லூரிகளின் கூட்டங்கள் 2016 ஆம் ஆண்டிலேயே ஏற்றிருந்தன. விதி ஏட்டில் எழுதப்பட்ட பின்னரும் களத்தில் ஒரு மாணவர் இறந்தார்.

மருத்துவ அறிவு தானே வளைந்துகொடுப்பதும் உண்டு. மூளைக் காயமுற்ற ஓய்வுபெற்ற தொழில்முறை உதைபந்தாட்டக்காரருக்கு நட்டஈடு வழங்கும் திட்டத்தில், கறுப்பின ஆட்டக்காரரின் அறிவாற்றல் தொடக்கத்திலேயே குறைந்தது என்று கொண்டு கணக்கிடும் முறை கையாளப்பட்டது. இதனால் அவர்கள் இழந்தது எவ்வளவு என்பது குறைவாகவே தெரியும். பெரும் கண்டனம் எழுந்த பின், 2021 ஆம் ஆண்டிலேதான் அதனைக் கைவிடுவதாக அத்தொழில்முறைக் கழகம் அறிவித்தது. எண்களும் அட்டவணைகளும் நடுநிலையானவை என்று நம்பும் மாணவர் இவ்வொரு நிகழ்ச்சியையாவது அறிந்திருத்தல் வேண்டும்.

இவ்வளவும் படித்த தோழர் ஒருவர், "இது முதலாளித்துவத்தின் நோய், இலாபம் ஒழிந்தால் இதுவும் ஒழியும்" என்று கூறக்கூடும். அவ்வாறு கூறி அமைதி கொள்ள நமக்கு உரிமை இல்லை. 1974 ஆம் ஆண்டில் கிழக்கு ஜேர்மனி, விளையாட்டு வீரருக்கு ஊக்கமருந்து கொடுப்பதை அரசின் இரகசியத் திட்டமாகவே வகுத்தது. பதின்மவயதுச் சிறுமியருக்கு உயிர்ச்சத்து மாத்திரை என்று சொல்லி ஆண் இயக்குநீர் சார்ந்த மருந்துகள் கொடுக்கப்பட்டன. கொடுத்தவருள் வைத்தியர்களும் இருந்தனர். அங்கு சீட்டு விற்கும் முதலாளி எவரும் இல்லை. பதக்கத்தை விரும்பிய அரசு இருந்தது. ஜேர்மனி ஒன்றிணைந்த பின், 2000 ஆம் ஆண்டில், அந்நாட்டின் விளையாட்டுத் துறைத் தலைவரையும் வைத்தியத் தலைவரையும் பேர்லின் நீதிமன்றம் குற்றவாளிகளெனக் கண்டது. சமதர்மத்தின் பெயரால் சிறுமியரின் உடல்கள் அரசின் உடைமையாக்கப்பட்டன என்பதை ஒளிக்காமற் சொல்வது சமதர்மத்தை விரும்புவோரின் கடமையாகும். எசமான் வணிகனாயினும் கட்சியாயினும், உடலின் உரியவரைக் கேளாமல் அதனை ஆளும் அதிகாரம் ஒரே தன்மையது.

அப்படியாயின், தாராண்மைக் கல்வி தரும் பல்கலைக்கழகம் விளையாட்டு மருத்துவத்தைத் துணைப்பாடமாக வைக்கலாமா? வைக்கலாம் என்பதே எம் கருத்து. ஆனால் எதற்காக என்பதிலேயே அதன் தகுதி தங்கியுள்ளது.

முதலாவதாக, மாணவரிடம் உண்மை சொல்லப்பட வேண்டும். இத்துணைப்பாடம் எவரையும் வைத்தியராக்காது. அணியோடு நின்று காயங்களைக் கவனிக்கும் பராமரிப்பாளராகவும் ஆக்காது. 2022 ஆம் ஆண்டின் பிற்பகுதியிலிருந்து, அமெரிக்காவில் அப்பராமரிப்புத் தொழிலுக்கான பயிற்சிக்கு முதுநிலைக் கற்கைநெறிகளிலேயே புதிய மாணவர் சேர்க்கப்படுகின்றனர். முன்பு இளநிலைப் பட்டமே அதற்குப் போதுமாயிருந்தது. தொழில் கிடைக்கும் என்ற மயக்கத்தை ஊட்டி இடங்களை நிரப்புவது, மாணவரின் உடலை விடுத்து அவர்தம் பணப்பையைக் கசக்குவதாகும்.

இரண்டாவதாக, உடலைப் பற்றிய அறிவு உடலின் உரியவரிடமே சேர வேண்டும். தலையில் அடிபட்ட பின் ஏன் ஓய்வு வேண்டும், வலியை மறைக்கும் ஊசி எதை மறைக்கின்றது, வெப்பம் எவ்வாறு கொல்லுகின்றது என்பவற்றை ஆடும் மாணவர் தாமே அறிந்திருந்தால், "நீ நலமாய்த்தான் இருக்கிறாய், இறங்கு" என்னும் கட்டளையை அவர் சீர்தூக்கிப் பார்க்க முடியும். சுதந்திர மனிதருக்குரிய கலை என்ற பழைய பெயருக்கு அப்போதுதான் உண்மையான பொருள் கிட்டும். தன் உடலைப் பற்றித் தானே தீர்மானிக்கத் தெரிந்தவரே சுதந்திர மனிதர். ஆகவே உடற்கூற்றியலோடு, மேலே நாம் சொன்ன வழக்குகளும் பெர்கமமும் பேர்லினும் அதே பாடநெறியில் இடம்பெறுதல் வேண்டும். இவற்றை நீக்கிவிட்டுத் தசைகளின் பெயர்களை மட்டும் கற்பிப்பது, சிறந்த பழுதுபார்ப்போரை உருவாக்குமேயன்றிக் கல்வியாகாது.

மூன்றாவதாக, அவ்வறிவு ஆட்டக்களத்தின் வேலிக்குள் அடங்கிவிடலாகாது. மேரிலாந்தில் மாணவரைக் கொன்ற அதே வெப்பம், கலிபோர்னியாவின் திராட்சைத் தோட்டங்களிற் கூலிகளையும் கொன்றது. பண்ணைத் தொழிலாளர் சிலர் மாண்ட பின்னரே, 2005 ஆம் ஆண்டில், வெயிலில் உழைப்போருக்கு நீரும் நிழலும் ஓய்வும் அளிக்க வேண்டும் என்ற விதியை அம்மாநிலம் கொண்டுவந்தது. ஓடுபவரின் குருதியும் பழம் பறிப்பவரின் குருதியும் ஒரே வெப்பநிலையிற் கெடுகின்றன. ஆடுபவருக்கு வைத்தியரும் பனிக்கட்டித் தொட்டியும் உண்டு; தோட்டத்திற் குனிந்து நிற்பவருக்கு யார் உண்டு? இக்கேள்வியை எழுப்பும் வகுப்பறையே இப்பாடத்துக்கு ஏற்ற இடம். தொழிற்பயிற்சி நிலையம் ஒன்று இதனைக் கேட்க வேண்டிய கட்டாயமில்லை. தாராண்மைக் கல்வி தருவதாகச் சொல்லும் நிலையம் கேட்டேயாக வேண்டும்.

ஐந்தாறு பாடநெறிகளின் மேல் இத்துணை பாரத்தை ஏற்றலாமா என்பது நியாயமான ஐயம். அறிந்தவரெல்லாம் துணிந்தவராகிவிடுவதில்லை. ஒரு பராமரிப்பாளர் "நிறுத்து" என்று சொன்னால் அவர் வேலை போகலாம். ஒரு மாணவர் சொன்னால் அணியில் அவருக்கிருந்த இடம் போகலாம். ஆதலால் துணிவைத் தனிமனிதரின் குணமாக மட்டும் கருதுவது போதாது. அதற்குக் கூட்டமைப்பின் பலமும் வேண்டும். 2014 ஆம் ஆண்டில் நோர்த்வெஸ்டேர்ன் பல்கலைக்கழகத்தின் உதைபந்தாட்டக்காரர் தொழிற்சங்கம் அமைக்க முயன்றபோது, அவர்களின் கோரிக்கைகளுள் முன்னின்றவை மருத்துவச் செலவும் தலைக்காயத்திலிருந்து பாதுகாப்புமே. 2015 ஆம் ஆண்டில் தேசியத் தொழில் உறவுச் சபை அவ்வழக்கில் தலையிட மறுத்தது. 2024 மார்ச் மாதத்தில் டார்ட்மத் கல்லூரியின் கூடைப்பந்தாட்டக்காரர் சங்கம் அமைப்பதற்கு ஆதரவாக 13 வாக்குகளும் எதிராக 2 வாக்குகளும் அளித்தனர். எனினும் அவ்வாண்டு இறுதியில் மனுவைத் தாமே மீட்டுக்கொண்டனர். இரு முயற்சிகளும் தோற்றன. ஆனால் தாராண்மைக் கல்வியின் நோக்கத்தை அவ்விளைஞர்கள் பல பேராசிரியரைவிட நன்றாகவே உணர்ந்திருந்தனர் என்று எமக்குத் தோன்றுகின்றது.

விசிலைக் கையில் ஏந்தி மைதானத்தின் ஓரத்தில் நிற்கும் ஆசிரியர், எந்த நாட்டவராயினும், ஒருநாள் இக்கேள்வியைச் சந்திக்கவே செய்வார். மூச்சிரைக்க ஓடிவரும் பிள்ளையின் கால் தடுமாறுகின்றது. முடிவுக்கோடு அருகில் இருக்கின்றது. சுற்றி நிற்போர் ஆரவாரிக்கின்றனர். அக்கணத்தில் அவர் எவருடைய பக்கம் நிற்கின்றார் என்பதை அவர் கற்ற உடற்கூற்றியல் மட்டும் தீர்மானிக்காது. அந்த உடல் அந்தப் பிள்ளைக்கே உரியது, பாடசாலையின் கேடயத்துக்கு உரியதன்று என்பதை அவர் முன்னரே மனத்தில் உறுதிசெய்திருக்க வேண்டும். அவ்வுறுதியை அளிக்கும் பாடம் எதுவாயினும், எப்பெயரில் வந்தாலும், அதனைப் பல்கலைக்கழகம் வரவேற்பது தகும்.